புழக்கடையில் ஐம்பத்தொன்பது கல்

திருப்பதிக்கு நடந்து வருகிறவர்களை ஊரே பார்த்திருக்கிறது. திருப்பதியிலிருந்து நடந்து வெளியே போகிறவளை யாரும் பார்த்ததில்லை. ஆறு வருஷம் நான் அப்படித்தான் போனேன். ஆகஸ்ட் மாதம் காவிப் புடவை கட்டிக்கொண்டு, எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த இருபது பேரோடு, புத்தூர், நகரி வழியாக வேளாங்கண்ணிக்கு. எதிரே மஞ்சள் துணியும் கோவிந்தா கோஷமுமாக வருகிற கூட்டம் எங்களை இரக்கத்தோடு பார்க்கும். புத்தூர் தாண்டி ஒரு டீக்கடைக்காரர் வருஷம் தவறாமல் ஓடி வந்து, "அம்மா, திருப்பதி அந்தாண்ட கீதும்மா, நீங்க இப்படிக்கா போய்க்கினு இருக்கீங்க" என்பார். முதல் வருஷம் நின்று விளக்கம் சொன்னேன். ஆறாவது வருஷம் முட்டி வலியில் நொண்டிக்கொண்டு வந்தேன், விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "தெரியும் நைனா, அங்கிருந்துதான் வந்துக்கினு இருக்கேன், ஒரு டீ குடு" என்றேன்.

அந்த நடை எதற்காக என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கு வேலூரில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தபோது, தியேட்டர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். "இந்த மனுஷனைத் திருப்பிக் குடு, ஏழு வருஷம் நடந்து வர்றேன்." ஏன் ஏழு? பயத்தில் வாயில் வந்த எண். மூன்று என்று சொல்லியிருந்தால் மாதா பத்தாது என்றா சொல்லியிருப்பாள்? நானே ஏலத்தை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

வேண்டுதலை வெளியே சொன்னால் அதன் பலம் போய்விடும் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். அதனால் அவரிடமும் மூச்சு விடவில்லை. அவரோ, வருஷத்தில் பதினைந்து நாள் தன் சமையலைத் தானே துன்ன வைப்பதற்காகத்தான் நான் வேளாங்கண்ணி போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ஆறாவது நடை முடிந்து வந்ததும் டாக்டரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் எக்ஸ்ரேவைப் பார்த்தார். தேய்வதற்கு முட்டியில் இனிமேல் ஒன்றும் மிச்சமில்லை என்றார். நெடுந்தூரம் நடக்கக்கூடாது, குந்தி உட்காரக்கூடாது, மண்டி போடக்கூடாது. "அப்போ என்னதான் சார் செய்யலாம்?" என்று கேட்டேன். நாற்காலியில் உட்காரலாம் என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆறு வருஷம் நடந்தேன், ஆறு வருஷமும் அவர் நன்றாக இருந்தார். ஏழாவது வருஷம் நடக்காவிட்டால்? நான் படித்தவள்தான். முப்பது வருஷம் தமிழ் மீடியம் தொடக்கப் பள்ளியில் டீச்சர். கடவுள் அப்படியெல்லாம் கணக்குத் தீர்க்க மாட்டார் என்று ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். ஆனால் அவர் மாடிப்படி ஏறி வந்து இரண்டு தரம் இருமினால், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்ப்பேன். படிப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போகும் என்று தெரியாது.

பங்குச் சாமியாரிடம் போனேன். குண்டூர் பக்கத்து இளைஞர். அவருக்குத் தமிழ் புரியும், சரளமாகப் பேச வராது. எனக்குத் தெலுங்கு பேச வரும், கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே போகாது என்பதால், பாவங்களோடு பாவமாக இந்த வேண்டுதலையும் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் பெரிதாக யோசிக்கவே இல்லை. வீட்டிலேயே ஒரு ஜெபத் தோட்டம் வையுங்கள் என்றார். ஒரு கெபி கட்டுங்கள், அதன் முன்னால் ஜெபமாலை வடிவத்தில் கல் பதியுங்கள், திருவிழா நவநாள் ஒன்பது நாளும் கல்லுக்கு ஒரு ஜெபமாகச் சொல்லிக்கொண்டு சுற்றி வாருங்கள். செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் காலையில் நான் வந்து மந்திரித்துத் தருகிறேன், அதன் பிறகு கடைசியாக ஒரு சுற்று நடந்தால் வேண்டுதல் முடிந்தது.

"ஒரு கல்லுகூட விடாமலா சாமி?" என்று கேட்டேன்.

"ஒக்க ராயிகூட வதலகூடதம்மா" என்று விரலை ஆட்டிச் சொல்லிச் சிரித்தார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் எழுதி வைத்துக்கொள்ளாத குறைதான். ஒரு கல்கூட விடக்கூடாது.

வீட்டுக்கு வந்து, புழக்கடையில் ஜெபத் தோட்டம் வைக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அவர் பிச்சாட்டூர் அணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டுமானம் என்ற சொல் காதில் விழுந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கே பெட்டியைத் திறந்து டேப்பை எடுத்தார், மட்டப் பலகையை எடுத்தார், வரைபடத் தாளை எடுத்தார். ஜெபத் தோட்டத்துக்கு மண் பரிசோதனை நடந்தது எங்கள் வீட்டில்தான் முதல் தடவையாக இருக்கும்.

கெபி என்பது கல்லை அடுக்கி மாதாவுக்குச் செய்கிற சின்னக் குகை. அவ்வளவுதான். அவர் கட்டியதற்கு முன்பக்கம் சாய்வு இருந்தது, பின்பக்கம் மண் அணைப்பு இருந்தது, தண்ணீர் கசிய ஓட்டைகள் இருந்தன. அடியில் ஒரு சதுரத் துவாரம் விட்டு அதற்கு ஏற்றி இறக்குகிற தகரக் கதவும் போட்டிருந்தார்.

"இன்னாங்க இது?"

"மதகு."

"மாதாவுக்கு எதுக்குங்க மதகு?"

"மழைத் தண்ணி பின்னால நின்னுக்கினா செவுத்தைத் தள்ளிடும். தண்ணியோட கொணம் உனக்கு இன்னா தெரியும்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். லூர்து மாதா மாதிரி, பாத்திமா மாதா மாதிரி, எங்கள் வீட்டில் பாசன மாதா என்று பெயர் வைத்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

கல்லுக்கு கங்காதர நெல்லூரில் இருக்கும் என் தம்பியிடம் சொன்னேன். அவன் நிலத்தில் ஏர் ஓட்டினால் நெல்லை விடக் கல்தான் அதிகம் வரும். ஜெபமாலைக்கு ஐம்பத்து மூன்று சின்ன மணி, ஆறு பெரிய மணி. அதே கணக்கில் ஐம்பத்து மூன்று சின்னக் கல், ஆறு பெரிய கல் என்று நான் சொல்ல, பிரித்துப் பார்த்து அனுப்ப நேரமில்லாமல் அவன் எல்லாவற்றையும் பெரிதாகவே அனுப்பிவிட்டான். மினி லாரிக்காரன் வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டான். வாசலிலிருந்து புழக்கடைக்கு நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர் ஒரு கல்லைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கிறார். ஆபரேஷன் தழும்பு மேலேயே கல். இந்த இதயத்துக்காகத்தானே இத்தனை பாடு! அதை நான் காப்பாற்றப் பார்க்கிறேன், அவர் அதன்மேல் கல்லை ஏற்றுகிறார்.

"கல்லைக் கீழ வைங்க!" என்று கத்தினேன்.

"ஏன்?"

ஏன் என்று எப்படிச் சொல்வது? "இடுப்பு புடிச்சிக்கும்" என்றேன்.

"என் இடுப்பு நல்லாத்தான் கீது. உன் முட்டியப் பாத்துக்கோ."

நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அவர் என் முட்டிக்கு ஆகாது என்று திரும்பப் பிடுங்கினார். ஒரே கல்லுக்கு இரண்டு பேர் நடுத்தெருவில் இழுபறி. கடைசியில் துணி துவைக்கிற பிளாஸ்டிக் டப்பில் கயிறு கட்டி, ஒவ்வொரு கல்லாக வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். மூன்று நாள் ஆனது. இரண்டு டப் போயிற்று. ஒரு வழியாக நடுவில் ரோஜாவும் மல்லியும் வைத்து, சுற்றிலும் கல் பதித்து, முடித்தோம். அவர் நூல் பிடித்துப் பதித்ததில் கல்லுக்குக் கல் இடைவெளி ஒரு விரல்கூட மாறவில்லை. அதில் எனக்குப் பெருமைதான், அவரிடம் சொல்லவில்லை.

மாதா சுரூபத்தைக் கொண்டு வந்து வைப்பதற்கு முன்பே கெபியில் குடியேறியது குரங்கு. எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது, குரங்குக்கு நாங்கள்தான் அக்கம்பக்கம். காலையில் எழுந்து பார்த்தால் ஒரு பெரிய கடுவன் மாதாவின் இடத்தில் சம்மணம் போட்டு என் ரோஜாவைத் தின்றுகொண்டிருந்தது. நான் குச்சியோடு போனேன். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"டீச்சரக்கா, அடிக்காதீங்க கா! கட்டி முடிச்ச ஒடனே ஆஞ்சநேயரே வந்து குந்திக்கினாரு பாருங்க. உங்களுக்கு நல்ல காலம்தான்."

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரியில் தறி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவள். இங்கே வந்து பத்து வருஷமாக எங்களுக்குப் பக்கத்து வீடு. என் வீட்டுக்காரரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு புழக்கடைக்கும் நடுவே இடுப்பளவு சுவர், அதில் தாழ்ப்பாள் இல்லாத ஒரு கதவு. தோட்டம் என்றால் துளசி இல்லாமல் எப்படி என்று ஒரு செடியைக் கொண்டு வந்து, என்னைக் கேட்காமலே, கெபி ஓரம் இருந்த சூசையப்பர் சிலைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டுப் போனவள் அவள்தான். பிடுங்க மனசு வரவில்லை. சூசையப்பரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏதாவது வேண்டுதல் என்றால் அலிபிரியிலிருந்து மலைக்குப் படியேறுவாள். சும்மா ஏற மாட்டாள். ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுவாள். ஆயிரக்கணக்கான படி. அவள் தம்பிக்குக் குழந்தை பிறந்ததற்கு ஒரு தரம், அவள் மகன் பாஸானதற்கு ஒரு தரம். இறங்கி வரும்போது இரண்டு கையும் முழங்கை வரை மஞ்சளாக இருக்கும்.

அன்றைக்கு நான் குரங்கை விரட்டிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "இந்தக் கல்லெல்லாம் எதுக்குக் கா, இப்படி சுத்தி வச்சிருக்கீங்க?"

"கல்லுக்கு ஒரு ஜெபம். ஒவ்வொரு கல்லா நின்னு சொல்லிக்கினே போகணும்."

"ஓ. நம்ம அலிபிரி படியாட்டம்."

குரங்கு அந்த நேரம் பார்த்து என் மூக்குக் கண்ணாடியைக் குறி வைத்தது. "ஆமாமா, அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். சொன்னது நான். அதை இன்றைக்கும் மறுக்க முடியாது.

நவநாள் தொடங்கியது. காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு ஜெபமாலையோடு கல்லில் கால் வைப்பேன். முட்டி ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சத்தம் போடும். பத்துக் கல்லுக்கு ஒரு தரம் நின்று, எனக்கும் மாதாவுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொல்வேன்: "மாதாவே, அவரு நெஞ்சுல வச்ச மூணு குழாயும் அடைக்காம பாத்துக்கோ. அவரு உப்பு அதிகமா துன்றாரு, நான் சொன்னா கேக்கறதில்ல, நீயாவது சொல்லு. ஏழாவது வருஷம் இது. இதோட முடிச்சுடறேன்." ஒன்பது நாளும் இப்படியே. அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டுக் குழம்பில் அவர் உப்பு கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். மாதா பேசிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் எட்டு. சாமியார் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்குக் கோயிலில் திருவிழாப் பூசை, அதற்குள் மந்திரித்துவிட்டு ஓட வேண்டும். நான் ஐந்து மணிக்கே எழுந்து, புதுப் புடவை கட்டி, மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு புழக்கடைக் கதவைத் திறந்தேன்.

ஐம்பத்தொன்பது கல்லும் மஞ்சளாக இருந்தன. நடுவில் குங்குமம். பெரிய மணிக்கான கல் ஆறுக்கும் ஸ்பெஷலாக மூன்று பொட்டு. கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரி, ஈரப் புடவையோடு, மஞ்சள் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

நான் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்கெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன. "அடிப் பாவி! இன்னாடி செஞ்சி வச்சிருக்க! சாமியார் வர நேரம்! ஜெபமாலைடி இது, ஜெபமாலை! மந்திரிக்க மாட்டேன்னு திரும்பிப் போயிட்டா இன்னா பண்ணுவேன்? ஏழாவது வருஷம் எனக்கு முடியாமலே போயிடும்டி!"

 அவள் பேசட்டும் என்று விடவில்லை. ஒரு பக்கெட் தண்ணீரையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு, டாக்டர் சொன்னது, முட்டி சொன்னது எல்லாவற்றையும் காற்றில் விட்டு, முதல் கல்லின் முன்னால் குந்தித் தேய்க்க ஆரம்பித்தேன். சொரசொரப்பான கல்லில் பூசிய மஞ்சள் அவ்வளவு லேசில் போகுமா? பதினோரு கல் தேய்த்தேன். பன்னிரண்டாவது கல்லுக்கு நகர வேண்டும் என்று எழப் பார்த்தேன். முடியவில்லை. கால் இரண்டும் என்னுடையதே இல்லை என்பது போல் கிடந்தன.

சத்தம் கேட்டு வந்த என் வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் இவ்வளவு நேரம் திட்டியவள் ஒரு பக்கம், கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"நீங்கதானே கா சொன்னீங்க அலிபிரி படியாட்டம்தான்னு. ஒம்போது நாளா முட்டி வலியோட அண்ணன் நெஞ்சுக்கு வேண்டிக்கினு சுத்தறீங்க. பாத்துக்கினு சும்மா இருக்க மனசு வரல. கல்லுக்கு ஒரு தரம் நானும் அண்ணனுக்குத்தான் வேண்டிக்கினேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணன் நெஞ்சுக்குன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான் கா. தெனம் காலையில."

"நான் மெதுவாத்தானே சொன்னேன்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷம் என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் தெரிந்தார்கள். "பால்காரருக்குக்கூட தெரியும் கா. மூணு குழாயின்னு அவருதான் எங்கிட்ட சொன்னாரு. எனக்கு ரெண்டுன்னு கேட்டுச்சு."

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தண்ணீர்க் குழாயை வாழ்க்கையில் முதல் தடவை பார்ப்பவர் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு விஷயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதா ஒன்றும் பேசவில்லை, அவர் சமையலறை ஜன்னல் ஓரமாக நின்று கேட்டிருக்கிறார். ஆறு வருஷம் கட்டிக் காத்த ரகசியம், தெருவில் எல்லோருக்கும் காலை ஐந்தரை மணிச் செய்தியாகப் போயிருக்கிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளைத் திட்டியதற்கு வருத்தமாகவும் இருந்தது. அதை அவளிடம் சொல்வதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

சாமியார் வெள்ளை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புழக்கடைக்கு வந்தார். நின்றார். மஞ்சளைப் பார்த்தார், மதகைப் பார்த்தார், சூசையப்பர் பக்கத்துத் துளசியைப் பார்த்தார். எந்தக் கோயிலுக்குள் வந்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். 

"எவரு சேசாரம்மா இதி?" என்று கேட்டார்.

யார் செய்தது என்று கேட்டதும், நான் எதையாவது சொல்லிச் சமாளிப்பதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள். கையை ஒளிக்கக்கூட இல்லை. அவருடைய தெலுங்கிலேயே, தான்தான் செய்ததாகவும், டீச்சரக்கா மேல் தப்பில்லை என்றும், அண்ணன் நல்லா இருக்கணும் என்றுதான் செய்தேன் என்றும் படபடவென்று சொன்னாள். சாமியார் அவளுடைய மஞ்சள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா இன்னும் வாசப்படிக்கு மஞ்சள் பூசுறாங்க" என்று தன் அரைகுறைத் தமிழில் என்னிடம் சொன்னார். "நான் குரு பட்டம் வாங்கின நாளும் பூசினாங்க. பிஷப்புக்கு கால் வழுக்கிச்சு."

அவ்வளவுதான். புத்தகத்தைத் திறந்தார், ஜெபம் சொன்னார், கல்லுக்குக் கல் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போனார். தீர்த்தம் பட்ட மஞ்சள் கரைந்து ஓடியது. சுற்றி முடிக்கும்போது அவருடைய அங்கியின் ஓரம் ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சளாகிவிட்டது. அப்படியே ஸ்கூட்டரில் ஏறித் திருவிழாப் பூசைக்குப் போனார். அன்றைக்குப் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நான் போய்ப் பார்க்க முடியவில்லை.

எனக்கு இன்னும் ஒரு சுற்று பாக்கி இருந்தது. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு முதல் கல்லில் ஏறினேன். நான் தேய்த்த கல்லில் வலியோடு நின்றேன். பத்து ஆயிற்று. பதினைந்து ஆயிற்று. இருபத்து மூன்றாவது கல்லில் முட்டி மடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிப்போய் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டாள், அதில் விழுந்தேன். மறுபடி எழப் பார்த்தேன். மூன்று தடவை பார்த்தேன். முடியவில்லை.

எல்லாம் என் கோபத்தால் வந்தது. மஞ்சளை விட்டிருந்தால் சாமியார் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், கால் மிஞ்சியிருக்கும். முந்நூறு மைல் நடந்தவளால் புழக்கடையைச் சுற்ற முடியவில்லை. முப்பத்தாறு கல் பாக்கி, அவர் உயிர் பாக்கி என்றுதான் எனக்குத் தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்து, அவர்கள் இரண்டு பேரும் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதேன்.

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். நான் விட்ட கல்லின்மேல் போய் நின்றார்.

"சொல்லு."

"இன்னாத்த?"

"ஜெபத்தைத்தான். எனக்குப் பாதிதான் தெரியும். நீ சொல்லு, நான் நடக்கறேன்."

"அது சேராதுங்க. நான்தான் நடக்கணும்."

"யாரு நெஞ்சுக்கு வேண்டிக்கின? என் நெஞ்சுக்குத்தானே? நான் நடந்தா சேராதுன்னு எந்த சட்டத்துல கீது?"

கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்கு வருகிற மனுஷன். ஜெபமாலையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. நான் சொல்லத் தொடங்கினேன். ஒரு ஜெபம் முடிந்ததும் "ம்" என்பேன், அவர் அடுத்த கல்லுக்குப் போவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அணையின் கரைமேல் நடந்து பழகிய நிதானத்தில், ஒரு கல்லையும் விடாமல் நடந்தார். பக்கத்து வீட்டுக்காரி கையைக் கூப்பியபடி நின்று, ஒவ்வொரு கல்லுக்கும் "கோவிந்தா" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு நிஜமாகவே மெதுவாகச் சொல்ல வரும். நான் தடுக்கவில்லை.

ஐம்பத்தொன்பதாவது கல்லில் அவர் நின்றார். உள்ளங்கால் மஞ்சளாக இருந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது, முகம் நன்றாகத்தான் இருந்தது. ஏழு வருஷம் முடிந்தது. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பெரிய கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஜெபமாலையை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தால், அவர் கல்லை விட்டு இறங்காமல் சுற்றிப் போய் மறுபடியும் முதல் கல்லில் ஏறி நிற்கிறார்.

"முடிஞ்சிடுச்சுங்க, இறங்கி வாங்க" என்றேன்.

"முடிஞ்சது என்னுது. இது உன் முட்டிக்கு. சொல்லு."

"எத்தினி வருஷத்துக்கு?" என்று கேட்டேன். அவரைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டேன்.

"உன்னாட்டம் ஏழுன்னு சொல்லி மாட்டிக்க மாட்டேன். முடியற வரைக்கும்."

"அருள் நிறைந்த" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேலே வரவில்லை. அவர் அடுத்த கல்லைப் பார்த்துக்கொண்டு, நான் சொல்லி முடிக்கட்டும் என்று அந்த முதல் கல்லிலேயே நின்றுகொண்டிருந்தார்.